உப்பங்கழிச் சபைகள் – 9: கஞ்சி தீர்ந்த பிறகு

இராயபுரத்துப் படகோட்டிகளிடம் ஒரு பலம் இருந்ததைச் சென்ற இதழில் பார்த்தோம். சென்னைக்குத் துறைமுகம் இல்லாத காலம் அது. தொலைவில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பலுக்கும் கரைக்கும் நடுவே பொங்கும் அலையை, ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகில் கடக்கத் தெரிந்தவர்கள் அவர்கள். அவர்கள் துடுப்பைக் கீழே வைத்தால் கம்பெனிச் சரக்கு கரைக்கு வராது. அதனால்தான் தங்கள் கூலியில் ஒரு பங்கை ஒதுக்கி ராயப்பர் கோயிலைக் கட்டிக்கொள்ள அவர்களால் முடிந்தது. அதன் நிர்வாகம் யாருக்கு என்று குருமாரோடும் ஆயரோடும் வழக்காடவும் முடிந்தது.

இந்த இதழில் எண்ணூர்க் கழியைத் தாண்டி அத்திப்பட்டுக்கு வருகிறோம். இங்கேயும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் விசுவாசத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களுக்கு அப்படி எந்தப் பலமும் இல்லை. அவர்கள் வேலையை நிறுத்தினால் அவர்கள் வீட்டு அடுப்புதான் முதலில் அணையும். குடிசை நின்ற மண்ணே அவர்களுடையது இல்லை. ஆகவே இந்தப் பகுதியை எழுதும்போது ஒரு கேள்வியை விட்டு என்னால் நகர முடியவில்லை. ஒன்றும் கையில் இல்லாதவர்கள் இருந்ததையும் இழக்கத் துணிந்து ஏன் ஒரு வேதத்தில் சேர்ந்தார்கள்? சேர்ந்தவர்கள் ஏன் நிலைத்தார்கள்?

இன்று அத்திப்பட்டு என்றால் நினைவுக்கு வருபவை வடசென்னை அனல்மின் நிலையம், காமராசர் துறைமுகத்துக்குப் போகும் லாரிகள், கொசஸ்தலையில் படியும் சாம்பல். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இது வேறு நிலம். கிழக்கே உப்பளங்கள், கால்வாய், அதற்கப்பால் கடல். மேற்கே ஏரிப் பாசனத்தில் நெல். திருவள்ளூர் மாவட்டம் என்று ஒன்று அன்று இல்லை. பொன்னேரி தாலுகா செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தது. ஜில்லாவின் கலெக்டர் கச்சேரி இருந்த இடம் சைதாப்பேட்டை.

செங்கல்பட்டு ஜில்லாவில் நிலம் மிராசுதார்கள் கையில் இருந்தது. பெரும்பாலும் வேளாளர், பிராமணர், ரெட்டியார். கிராமத்து நிலம், தரிசு, ஏரி மீன், மரம் எல்லாவற்றிலும் பரம்பரைப் பங்கு கோரும் உரிமைதான் மிராசு. அந்த நிலத்தில் உழுதவர்களும் நட்டவர்களும் சேரியில் இருந்த பறையர்கள். அன்றைய அரசுக் காகிதங்கள் அப்படித்தான் எழுதின. அதையே இங்கு எழுதுகிறேன். ஜில்லாவின் மக்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு அவர்கள். அவர்களில் பலர் படியாட்கள். கல்யாணத்துக்கோ சாவுக்கோ வாங்கிய சிறு கடனுக்காக ஒருவன் பண்ணையில் ஆளாகச் சேர்வான். கடன் தீரும் வரை வேறு இடத்தில் வேலைக்குப் போகக் கூடாது. கூலி நெல்லாக அளக்கப்படும். அதில் மிச்சம் பிடிக்க வழியில்லை என்பதால் கடன் தீராது. அப்பன் செத்தால் மகன் அந்த இடத்துக்கு வருவான். 1843-லேயே அடிமை முறையைச் சட்டம் கைவிட்டுவிட்டது. 1862-ல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டம் ஆளை அடிமையாக வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கியது. படியாளின் கடன் சீட்டை அந்தச் சட்டங்கள் தொடவில்லை.

இந்த நிலையில்தான் 1876-ன் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது.

தாது வருஷப் பஞ்சம் பற்றித் தமிழில் நிறைய எழுதப்பட்டிருக்கிறது. சென்னை மாகாணத்தில் பல லட்சம் உயிர்கள் போயின. நம் கதைக்கு அதில் வேண்டியது கால்வாய். பேசில் காக்ரேன் என்ற வணிகர் 1806-ல் சென்னையிலிருந்து எண்ணூருக்கு வெட்டிய உப்புக் கால்வாய், பின்னர் பழவேற்காட்டுக்கும் அதற்கு வடக்கே ஆந்திரக் கரைக்கும் நீண்டது. உப்பும் விறகும் கிளிஞ்சலும் அதில் படகேறிச் சென்னைக்குப் போயின. பஞ்சம் வந்ததும் நிவாரண வேலையாகக் கால்வாயின் விட்டுப்போன பகுதிகளை வெட்ட அரசு ஆள் எடுத்தது. கூவத்தையும் அடையாற்றையும் இணைத்த துண்டு 1877, 78-ல் பட்டினி உடல்கள் வெட்டியது. 1878-ல் அதற்கு அன்றைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் வைக்கப்பட்டது.

அந்தக் கூலியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. வைஸ்ராய் லிட்டன் பிரபு அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள், 1877 ஜனவரியில் நிவாரணக் கூலியை நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் மேலே சில்லறையும் என்று குறைத்தார். மண் வெட்டும் ஆண்பிள்ளைக்கு ஒரு ராத்தல். மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ், இந்த அளவில் உழைக்கும் உடல் பிழைக்காது என்று எழுத்தில் எதிர்த்தார். சில மாதங்களுக்குப் பிறகே அளவு கூட்டப்பட்டது. அந்தச் சில மாதங்களில் செத்தவர்கள் செத்தவர்களே.

இதே கால்வாயின் வடபகுதியில், ஓங்கோலுக்கு அருகே, அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்த ஜான் கிளாஃப் மூன்றரை மைல் தூரத்தை வெட்டும் ஒப்பந்தத்தை எடுத்தார். அங்குள்ள மாதிகர்கள் என்ற தாழ்த்தப்பட்ட சாதியினருக்கு மற்ற இடங்களில் வேலை சரியாகக் கிடைக்கவில்லை. மேஸ்திரிகள் மேல்சாதி, கூலியில் பிடித்துக்கொண்டார்கள். கிளாஃபின் துண்டில் அவர்களுக்கு முழுக் கூலி. மேற்பார்வைக்கு நின்றவர்களும் அவர்களுடைய சாதியிலிருந்தே வந்த உபதேசிமார். ஓய்வு நேரத்தில் மண் மேட்டில் உட்கார்ந்து வேதம் வாசித்தார்கள், கேள்விகளுக்குப் பதில் சொன்னார்கள். அந்த வட்டாரத்தில் இயேசுவை முதலில் ஏற்ற மாதிகர் எர்ரகுண்ட்ல பெரியா. கிளாஃப் அங்கே வருமுன்பே ஊர் ஊராக நடந்து தானாகவே சொல்லிக்கொண்டிருந்தவர். வந்து பாதை போட்டது மிஷனரி என்று நாம் வழக்கமாகச் சொல்கிறோம். பெரியாவின் கதை அதை மறுக்கிறது.

கூட்டம் கூட்டமாக ஞானஸ்நானம் கேட்டார்கள். கிளாஃப் தரவில்லை. பஞ்சம் இருக்கும் வரை யாரையும் சேர்ப்பதில்லை என்று காத்தார். நிவாரணம் தீர்ந்துவிட்டது, இனி இங்கே சோறோ கூலியோ கிடைக்காது என்று தெரியப்படுத்தினார். அதன் பிறகும் வந்தார்கள். 1878 ஜூலை 3-ஆம் தேதி, குண்ட்லகம்மா ஆற்றில் ஒரே நாளில் 2,222 பேர் முழுக்கு ஞானஸ்நானம் பெற்றார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் அந்த எண்ணிக்கை 9,000-ஐத் தாண்டியது.

இதை நான் இங்கே நிறுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கஞ்சிக்காக வேதத்துக்குப் போனவர்கள் என்ற பேச்சு தமிழ்நாட்டில் இன்றும் தேயவில்லை. தெற்கே நெல்லையில் கால்டுவெல் காலத்தில் ஆயிரக்கணக்கில் சேர்ந்தவர்களுக்கும் அதே பெயர்தான் கிடைத்தது. பசித்தவர் சோறு தந்தவரிடம் போவதில் என்ன இழிவு என்று திருப்பிக் கேட்கலாம். அது ஒரு நியாயம். ஆனால் கணக்கே வேறு மாதிரி இருக்கிறது. கஞ்சித் தொட்டி ஓராண்டில் மூடப்பட்டது. விசுவாசத்துக்குக் கொடுக்க வேண்டியிருந்த விலையோ அதற்குப் பிறகுதான் கேட்கப்பட்டது. செங்கல்பட்டு ஜில்லாவில் சேரிகள் சபைகளாகத் திரும்பியது பெரும்பாலும் பஞ்சம் முடிந்து பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, 1880-களின் பிற்பகுதியிலும் 1890-களிலும். அப்போது யாரும் தொட்டியில் கஞ்சி காய்ச்சவில்லை.

என்ன விலை? ஞாயிற்றுக்கிழமை வயலுக்கு வரமாட்டேன் என்று படியாள் சொன்னான். மிராசுதாருக்கு அது முதல் அதிர்ச்சி. ஊர்த் திருவிழாவுக்கும் சாவுக்கும் பறை அடிக்கமாட்டேன் என்றான். செத்த மாட்டைத் தூக்கமாட்டேன் என்றான். ஊரார் இதை மதம் சம்பந்தப்பட்ட விஷயமாக மட்டும் பார்க்கவில்லை, சரியாகவே பார்த்தார்கள். ஆண்டாண்டாகக் கேள்வியில்லாமல் வாங்கி வந்த சேவகத்தை ஒருவன் நிறுத்துகிறான். பதிலுக்கு வேலை நின்றது. பழைய கடன் சீட்டு வெளியே வந்தது. கிணற்றுத் தண்ணீர், மேய்ச்சல், விறகு எல்லாம் ஒவ்வொன்றாக அடைபட்டன. கடைசி ஆயுதம் மனை. சேரி நத்தம் தன்னுடையது என்று மிராசுதார் கோரினால், குடிசையைப் பிரித்துக்கொண்டு போ என்று சொல்ல முடியும். மூங்கிலும் ஓலையும் உன்னுடையது, தரை என்னுடையது.

பலர் திரும்பிப் போனார்கள். மிஷன் அறிக்கைகளில் அந்தக் காலத்தில் அடிக்கடி வரும் புலம்பல் அது. திரும்பியவர்களை நாம் குறை சொல்ல முடியாது. குழந்தை பசியில் அழும்போது எடுக்கும் முடிவுக்கு வரலாற்று ஆசிரியன் நியாயாதிபதி இல்லை. இருந்தாலும் நிறையப் பேர் நின்றார்கள். அவர்களை நிற்க வைத்தது எது என்பதற்கு என்னிடம் உள்ள பதில் உபதேசியார்.

நம் சபை வரலாறுகளில் மிஷனரிக்குப் படம் உண்டு, கல்லறை உண்டு, பெயர்ப்பலகை உண்டு. உபதேசியாருக்கு ஒரு வரி. மாதம் சில ரூபாய் சம்பளத்தில் ஒரு சேரியில் குடியிருந்து, சுற்றி நான்கைந்து ஊர்களை நடந்தே பார்த்துக்கொண்டவர் அவர். மண் சுவர், பனையோலைக் கூரை, ஒரு மாடவிளக்கு. அதுதான் ஜெப வீடு, அதுவே பள்ளிக்கூடம். பகலில் பிள்ளைகளும் மாடு மேய்க்கப் போய்விடுவதால் இரவுப் பள்ளி. அ, ஆ கற்பித்தார். வேதப் பாடம் மனப்பாடம் செய்ய வைத்தார். காய்ச்சல் வந்தால் மருந்து தந்தார், வாந்திபேதி வந்தால் மற்றவர் ஓடும்போது பிணத்தைப் புதைக்க நின்றார். எல்லாவற்றுக்கும் மேலாக, எழுதத் தெரிந்தவர். கடன் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்ல சேரிக்கு முதல் முறையாகச் சொந்தமாக ஒருவர் கிடைத்தார். தாசில்தாருக்கு மனு எழுதினார். மனு கொடுக்கப் போகும்போது கூடவே நடந்தார்.

வீட்டுப் பெண்களிடம் போக வேதாகம ஸ்திரீகள் இருந்தார்கள். அவர்களில் பலர் கைம்பெண்கள். பிரசவம் பார்க்கவும் சண்டை தீர்க்கவும் எழுத்துக் கூட்டக் கற்றுத் தரவும் அவர்கள் போன பாதைகளுக்கு எந்த அறிக்கையிலும் வரைபடம் இல்லை.

அந்த ஜெப வீட்டில் என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். சமூகக் காரணங்களை மட்டும் எழுதிவிட்டு நகர்ந்தால், அந்த மக்கள் எதை முக்கியமாக நினைத்தார்களோ அதை விட்டவனாவேன். அவர்கள் கேட்ட வேதாகமம் 1871-ல் பவர் தலைமையிலான குழு முடித்த ஐக்கியத் திருப்புதல். அதற்கு அடிப்படை வேப்பேரியில் ஏறக்குறைய ஐம்பது ஆண்டு ஊழியம் செய்த பெப்ரீசியுஸின் மொழிபெயர்ப்பு. பிறருக்காகக் கொடுக்கல் வாங்கலில் சிக்கி, முதுமையில் கடனுக்காகச் சிறை இருந்த மனிதர் பெப்ரீசியுஸ். நூறு ஆண்டு கழித்துக் கடனில் கட்டுண்ட படியாட்கள் அவர் தேடிவைத்த சொற்களிலேயே ஆறுதல் கேட்டார்கள்.

யாத்திராகமத்தை எண்ணிப் பாருங்கள். அரசனுக்குச் செங்கல் அறுக்கும் ஒரு கூட்டம். வைக்கோலும் தராமல் அதே கணக்குச் செங்கல் கேட்கிறார்கள். ஓய்வு கேட்டால் சோம்பேறிகள் என்று அடிக்கிறார்கள். அவர்கள் கூக்குரலைக் கடவுள் கேட்டார் என்று வாசிக்கும்போது, மண் தரையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு விளக்கவுரை எதுவும் தேவைப்பட்டிருக்காது. இயேசுவின் பாடுகளும் அப்படியே. அடியும் துப்பலும் ஊருக்கு வெளியே மரணமும் அவர்களுக்குத் தெரியாத செய்திகளா? தங்களுக்கு நடப்பது தங்கள் கர்மத்தின் பலன் என்று கேட்டே வளர்ந்தவர்களிடம், தேவகுமாரனுக்கே இது நடந்தது என்று ஒருவர் சொல்கிறார். பாடு அனுபவிப்பது பாவத்தின் அடையாளம் அல்ல என்று அதற்கு அர்த்தம். அந்த ஒரு நம்பிக்கையிலிருந்து மனுஷன் நிமிர்ந்து உட்காருவான் என்பதை நான் நம்புகிறேன்.

கைப்பிடி அரிசியும் இங்கே வரவேண்டும். உலை வைக்கும் முன் ஒரு கைப்பிடி அரிசியைக் கலயத்தில் எடுத்து வைத்து, வாரம் ஒருமுறை சபைக்குக் கொண்டுவரும் வழக்கம் தமிழ்ச் சபைகள் பலவற்றில் உண்டு. நாள் கூலியாக அளந்த நெல்லைக் குத்தியே சமைத்த வீடுகளில் ஒரு கைப்பிடி என்பது யாரோ ஒருவருடைய வாயிலிருந்து எடுத்ததுதான். ஆனாலும் எடுத்தார்கள். அதுவரை வாங்குகிறவர்களாக மட்டுமே நடத்தப்பட்டவர்கள் கொடுக்கிறவர்கள் ஆனார்கள். அறுப்பின் பண்டிகைக்கு, சொந்தமாக ஒரு குழி நிலம் இல்லாதவர்கள் பூசணியும் கீரையும் முட்டையும் கோழியும் தூக்கி வந்தார்கள்.

சபைக்குள் சமத்துவம் இருந்தது என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. சாதி திருச்சபைக்குள் இருந்தது. 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், கோயிலில் சாதி வேற்றுமை கூடாது என்று கடிதம் எழுதியபோது வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் வேளாளக் கிறிஸ்தவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். தஞ்சையின் வேதநாயகம் சாஸ்திரியாரே அந்த எதிர்ப்பின் பக்கம் நின்றார். அவருடைய பாடல்கள் இன்றும் சபைகளில் கண்ணீரோடு பாடப்படுகின்றன. அந்த நிலைப்பாடும் அவருடையதே. 1850-ல் சென்னை மிஷனரிக் கூட்டமைப்பு, சாதியைக் கைவிட்டதற்குச் சான்றாக யாரோடும் உண்ணத் தயாராக இருக்கவேண்டும் என்று தீர்மானித்தது. அதன் பிறகும் தனிப் பாய், தனிக் கிண்ணம், தனிக் கல்லறை எத்தனையோ இடங்களில் நீடித்தன. சேரி மக்கள் விசுவாசத்தில் நின்றபோது வெளியே மிராசுதாரை மட்டும் அல்ல, உள்ளே சகவிசுவாசிகளையும் தாங்கவேண்டியிருந்தது.

இனி ஈக்காட்டுக்கு வருவோம். திருவள்ளூரை ஒட்டிய ஊர். ஸ்காட்லாந்தின் வடக்கே ஷெட்லாந்து தீவில் பிறந்த வில்லியம் கவுடி, 1882-ல் வெஸ்லியன் மெதடிஸ்ட் மிஷனரியாகச் சென்னை வந்தார். நகரத்துக் கல்வி வேலையை விட்டுக் கிராமத்துக்குப் போய் ஈக்காட்டில் தங்கினார். அங்கே பள்ளியும் மருத்துவமனையும் எழுந்தன. ஜில்லாவின் தெற்கே செங்கல்பட்டில் ஸ்காட்லாந்து சுயாதீனத் திருச்சபையின் ஆடம் ஆண்ட்ரூ இருந்தார். ஆத்தும ரட்சிப்பைப் பேச வந்த இருவரும் கடைசியில் தரிசு நில விண்ணப்பப் படிவங்களோடு கச்சேரி வாசலில் நின்றார்கள். அவர்களை அங்கே இழுத்துப் போனது அவர்களுடைய சபை மக்கள். ஐயா, ஜெபம் பண்ணுகிறோம், நிற்க ஒரு இடம் வேண்டும் என்று அவர்கள் கேட்டதன் விளைவு அது.

தர்காஸ்து என்பது அரசுத் தரிசுக்கு விண்ணப்பிப்பது. யார் வேண்டுமானாலும் கேட்கலாம். ஆனால் செங்கல்பட்டு ஜில்லாவில் மிராசுதாருக்கு முன்னுரிமை. ஒரு பறையர் ஒரு ஏக்கர் கரம்பு கேட்டு மனுப் போட்டால், அதுவரை அந்தத் துண்டைத் திரும்பிப் பார்க்காத மிராசுதார் எனக்கே வேண்டும் என்று எழுதிக் கொடுப்பார். நிலம் அவருக்குப் போகும். உழாமல் போட்டுவைப்பார். உழுகிறவன் நிலம் வைத்திருந்தால் பண்ணைக்கு ஆள் வரமாட்டான் என்ற பயத்தில் போட்ட முட்டுக்கட்டை அது.

1891-ல் ஜில்லாவின் தற்காலிகக் கலெக்டராக இருந்தவர் ட்ரெமென்ஹீர். மிஷனரிகள் தந்த வழக்குகளையும் தாமே விசாரித்தவற்றையும் வைத்து, செங்கல்பட்டுப் பறையர்கள் குறித்து அந்த ஆண்டு அக்டோபரில் ஒரு நீண்ட குறிப்பை அரசுக்கு அனுப்பினார். உணவு, உடை, கடன், படியாள் சீட்டு, மறுக்கப்பட்ட தர்காஸ்து, பறிக்கப்பட்ட மனை எல்லாம் அதில் இருந்தன. சேரி நத்தத்தைக் குடியிருப்பவர்களுக்கே உறுதிப்படுத்தவேண்டும், தரிசை அவர்களுக்கு ஒதுக்கவேண்டும், ஆளைக் கடனுக்குக் கட்டும் ஒப்பந்தங்களை ஒழிக்கவேண்டும், பள்ளிகள் வேண்டும் என்று கேட்டார். பஞ்சமி நிலம் பற்றிப் பேசுகிற எல்லோரும் ட்ரெமென்ஹீரை நினைக்கிறார்கள்; நினைக்கவேண்டியவரே. ஆனால் அந்தக் குறிப்பில் இருக்கும் ஒவ்வொரு வழக்குக்குப் பின்னாலும் மனுப் போட்டதற்காக அடி வாங்கவும் மனை இழக்கவும் தயாராக இருந்த ஒரு குடும்பம் இருக்கிறது. கலெக்டருக்கு அந்த ஆபத்து இல்லை.

வருவாய் வாரியம் குறிப்பை விரும்பவில்லை. மிகைப்படுத்தல் என்றது, மிராசுதார்களை அசைக்கவேண்டாம் என்றது. ஓராண்டு காகிதங்கள் அலைந்தபின் 1892 செப்டம்பர் 30-ஆம் தேதி 1010 எண்ணுள்ள வருவாய்த்துறை அரசாணை வந்தது. ஒடுக்கப்பட்டவர்களுக்கு நிலம் ஒதுக்க வழி செய்ததே அதன் பலன். பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வதன் தொடக்கம் அது. படியாள் முறையை அது அறுக்கவில்லை. மனைப் பிரச்சினை தலைமுறை கடந்தும் தொடர்ந்தது. தாழ்த்தப்பட்டோருக்கு வீட்டுமனை வாங்கித் தரும் வேலையை அரசு ஒரு துறையிடம் ஒப்படைத்ததே 1920-ஐ ஒட்டித்தான். தொழிலாளர் ஆணையர் என்ற பதவி அதற்காக உண்டானது.

கிராமத்தில் அளப்பவர் கர்ணம், கையெழுத்துப் போடுபவர் மணியக்காரர். ஆணை அவர்களைத் தாண்டி வரவேண்டும். பறையரும் நிலமும் பற்றி 1894-ல் கவுடி எழுதிய கட்டுரையின் வேதனை அதுதான். ஆண்ட்ரூ வேறு வழி தேடினார். ஸ்காட்லாந்தின் மெல்ரோஸ் சபையார் தந்த பணத்தில் நிலம் வாங்கி, குடும்பங்களை அமர்த்தி, 1893-ஐ ஒட்டி மெல்ரோசாபுரம் என்ற குடியிருப்பை உண்டாக்கினார். கிறிஸ்தவக் கிராமம் என்று ஒன்றைத் தனியாகக் கட்டுவதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. மிராசுதார் போய் மிஷன் துரை அந்த இடத்தில் உட்காரும் ஆபத்து அதில் உண்டு. ஆனாலும் மாலையில் யாரும் வந்து பிரிக்கச் சொல்லமாட்டார்கள் என்ற நிச்சயத்தோடு ஒரு குடும்பம் கூரை வேய்ந்தது அங்கே. அந்த நிச்சயத்தின் எடையை வாடகைக்குக் குடியிருந்தவர்கள் அறிவார்கள்.

கவுடியும் ஆண்ட்ரூவும் தயங்கிய விஷயம் ஒன்று. சேர வருகிறவர்கள் நிலத்துக்காக வருகிறார்களா, தேவனுக்காக வருகிறார்களா என்று மிஷன் வட்டாரங்களில் ஓயாத விவாதம். லண்டனிலும் எடின்பரோவிலும் இருந்த கமிட்டிகள் சுத்தமான நோக்கத்தைக் கேட்டன. சேரி மக்களுக்கு இந்தப் பிரிவினை இருந்ததாகவே தெரியவில்லை. மண்ணும் மழையும் பிள்ளையின் காய்ச்சலும் கடன் சீட்டும் எல்லாமே ஜெபத்துக்குள் வந்தன. தினசரி அப்பத்தைக் கேட்கச் சொல்லிக்கொடுத்தவரிடம் அப்பம் விளையும் நிலத்தையும் கேட்டார்கள். அதில் எந்தக் கலப்படமும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

1899-ல் சென்னையிலிருந்து கூடூர் வழியாக விஜயவாடாவுக்கு ரயில் பாதை முழுமை பெற்றபின் இந்தப் பக்கத்து வாழ்க்கை மெல்ல மாறியது. எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி வழியாக நகரத்துக்குக் கூலிக்குப் போக வழி பிறந்தது. மில்லும் துறைமுகமும் ரயில்வேயும் ஆள் கேட்டன. படியாளுக்கு மிராசுதாரை விட்டு விலக, மனுவைக் காட்டிலும் ரயில் டிக்கெட் விரைவாக உதவியது. இரவுப் பள்ளியில் எழுத்துக் கூட்டியவர்களுக்கு அங்கே ஒரு படி முன்னதாக இடம் கிடைத்தது. வடசென்னைத் தொழிலாளர் குடியிருப்புகளில் சபைகள் பெருகியதற்கும் இந்த நகர்வுக்கும் உள்ள தொடர்பைப் பெரம்பூர் பற்றிய பகுதியில் விரிவாக எழுதுவேன்.

1947 செப்டம்பர் 27-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது வெஸ்லியன், ஸ்காட்லாந்து, ஆங்கிலிக்கன் சபைகள் ஒன்றாயின. ஈக்காடும் செங்கல்பட்டும் ஒரே பேராயத்துக்குள் வந்தன. மூன்றே ஆண்டுகளில் வேறொரு காகிதம் வந்தது. 1950-ல் குடியரசுத் தலைவர் பிறப்பித்த பட்டியல் சாதிகள் ஆணை, இந்து மதம் அல்லாத வேறு மதத்தவர் பட்டியல் சாதியாகக் கருதப்படமாட்டார்கள் என்றது. 1956-ல் சீக்கியரும் 1990-ல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். படியாளாக இருந்த தாத்தாவின் பேரனுக்கு, அதே சேரியில், அதே தெருவில், ஞானஸ்நானச் சான்றிதழ் இருந்தால் ஒரு கணக்கு, இல்லையென்றால் வேறு கணக்கு. பக்கத்துப் பக்கத்து வீடுகளில் அண்ணன் தம்பிக்கே இது நடக்கிறது. பள்ளியில் சேர்க்கும்போது என்ன எழுதுவது என்ற கேள்வி இந்தக் குடும்பங்களில் இன்றும் ஒவ்வொரு ஜூன் மாதமும் எழுகிறது. உண்மையை எழுதி, பட்டியல் சாதி ஒதுக்கீட்டை இழந்து, ஞாயிறு காலை கோயிலுக்குப் போகிற தாய்மார் இந்த வட்டாரத்தில் நிறைய இருக்கிறார்கள். கஞ்சிக்காகப் போனவர்கள் என்று சொல்கிறவர்கள் அவர்களிடம் ஒருமுறை உட்கார்ந்து பேசட்டும்.

அடுத்த இதழில் கால்வாய் வழியே இன்னும் வடக்கே, டச்சுக்காரர் கோட்டை கட்டிய பழவேற்காட்டுக்குப் போய், மகிமை மாதா கோயிலைப் பார்ப்போம்.

(தொடரும்)